இலைக்குப் போட்ட கட்டு

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அவசரமே இல்ல, உங்க சௌகரியம்" என்று ஸ்டுடியோக்காரம்மா தணிந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருப்பது, பாசி படர்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குருவியிடம். குருவி கேட்கிறதோ இல்லையோ, பின்னால் குடை பிடித்து நிற்கும் நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

மலையடிவார ஊரில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோ அவருடையது. அடம்பிடிக்கும் குழந்தையானாலும் அது தானாகச் சிரிக்கும்வரை காத்திருப்பார். ஞாயிறன்று கடை கணவர் பொறுப்பு. அன்று எடுக்கும் படங்களில் பாதிப் பேருக்கு ஒரு காதைக் காணாது. வீட்டில் யாரும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

அன்று ஸ்டுடியோக்காரம்மா போவது மேலே, மேகம் தரையிலேயே படுத்துக் கிடக்கும் காட்டுக்கு. மழையில்லாத நாளிலும் அங்கே மரங்கள் சொட்டும். கேமராவுக்குக் குளியல் தொப்பி மாட்டியிருப்பார். கண்ணாடியில் ஆவி படியாதபடி மூச்சை வாயோரமாக விடுவார். லென்ஸைத் துடைக்கக் கணவரின் பழைய பனியன்.

நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வேலை. "அண்ணி வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா யாரு பாக்கறது?" என்று பையில் கட்டுத்துணியோடு துணைக்கு வர ஆரம்பித்தவள், இப்போது ஒரு ஞாயிறைக்கூட விடுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. ஓடைமேல் சாய்ந்திருந்த அகலமான இலையின் அடியில், கண்ணாடி மணிகளைக் கொட்டி ஒட்டியதுபோல் முட்டைகள். பக்கத்தில் கட்டைவிரல் நகமளவே ஒரு பச்சைத் தவளை. இந்த இனத்தில் முட்டைக்குக் காவல் ஆண்தான். எத்தனையோ வருடமாக அவர் தேடிய காட்சி. முக்காலியை ஊன்றுவதற்குள், சுற்றுலா வந்த ஒருவர் ஆசையோடு பக்கத்தில் வந்தார். வெளிச்சம் போதவில்லை என்று இலையை மெல்லத் திருப்பினார். காம்பு மளுக்கென்றது. தவளை தாவி மறைந்தது. இலை அறுந்தால் முட்டையெல்லாம் வெள்ளத்தோடு போகும்.

அந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்டுடியோக்காரம்மா குரலை உயர்த்தவில்லை.

"கையை எடுத்துடாதீங்க. அப்படியே தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "இது உன் கேஸும்மா" என்றார்.

பருத்த கால்களைத் தூக்கி நிறுத்திப் பழகிய விரல்கள், அந்த மெல்லிய காம்பின்முன் ஒரு கணம் தயங்கின. ஈர்க்குபோல் இரண்டு சுள்ளிகளை ஒடித்து முறிவின் இருபுறமும் வைத்தாள். கட்டுத்துணியிலிருந்து நூல் நூலாக உருவிச் சுற்றினாள். இறுக்கினால் காம்பு நசுங்கும், தளர்த்தினால் நிற்காது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் தலையசைத்ததும், அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கையை விலக்கினார். இலை நின்றது.

தவளைதான் வரவில்லை. முட்டைகள் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தும் ஸ்டுடியோக்காரம்மா கேமராவைத் தொடவில்லை. அதையாவது எடுக்கலாமே என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"அப்பா இல்லாம குடும்பப் படமா?"

மேகம் அடர்ந்தது, கலைந்தது, மறுபடி அடர்ந்தது. மூவரும் ஈரத்தில் குந்தியிருந்தார்கள். கடைசியில், காம்பின்மேல் தவளை ஏறி வந்தது. வெள்ளைக் கட்டருகே நின்று, பரிசோதிப்பதுபோல் ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு அதைத் தாண்டிப்போய் முட்டைகளை வயிற்றால் அணைத்துக்கொண்டது. அப்போதுதான் அவர் விரல் அழுத்தியது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனி என்று சொன்னாள்.

கட்டு தாங்கியது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் முட்டைக்குள் வால்கள் துடித்தன. பின் ஒவ்வொன்றாக ஓடைக்குள் சொட்டி நீந்திப் போயின.

அந்தப் படம் இப்போது ஊர் நூலகக் கண்காட்சியில், சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. திறப்பு நாளில் கூட்டம் நெருக்கியது. எந்த லென்ஸ், எவ்வளவு பொறுமை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், புகழ்ந்தார்கள். வேலை முடிந்து சீருடையோடு ஓடிவந்த நாத்தனார், எங்கள் அண்ணி என்கிற பூரிப்பு முகமெல்லாம் வழிய, கடைசி வரிசையில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோக்காரம்மா பேச்சைப் பாதியில் விட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தார். எல்லோரும் பார்க்க, அவளுடைய ஆள்காட்டி விரலை எடுத்து, படத்திலிருந்த அந்த வெள்ளை முடிச்சின்மேல் வைத்தார்.