சூளை டீசல்

பங்க்குக்காரர் ஏதோ நினைப்பில் என் பைக்குக்கு டீசல் போட்டுவிட்டார். கருவேப்பிலங்குறிச்சி தாண்டுவதற்குள் வண்டி வெள்ளைப் புகை கக்கி நின்றது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. வழுக்கை மட்டும் அப்படியே இருந்தது.

விருத்தாசலத்தில் அப்பா பீங்கான் சூளை வைத்திருந்தார். திட்டக்குடியில் அவருடைய அக்காவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அவர் சட்டை மாட்டுவதற்குள், பெரிய உதவி செய்கிற நினைப்பில், சூளை எரிக்க வைத்திருந்த டீசலை அவர் ஸ்கூட்டரில் ஊற்றிவைத்தேன். வண்டி பாதி வழியில் நின்றது. பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது அத்தை இல்லை. ‘தம்பி வந்துட்டானா’ என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

“பங்க்குக்காரன் கலப்படம் பண்ணிட்டான்டா,” என்று அப்பா சாகும்வரை சொன்னார். நானும், “ஆமாம்பா,” என்றேன்.

“போயி பங்க்குல சண்ட போடுங்க சார்,” என்றார் இப்போது என் பைக்கைப் பார்த்த மெக்கானிக்.

போனேன். பங்க்குக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பாவம், மனிதர் குழம்பிப்போனார்.