மேலே வரும்போது சும்மா வந்த கை

செய்தி வந்தபோது அதன் நீளம்தான் முதலில் கண்ணில் பட்டது. எங்கள் இசைக்குழுத் தலைவர் செல்வம் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டார். அன்று திரை நிறைய எழுதியிருந்தார். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நின்றபடியே படித்தேன். டிங்கிக் காய்ச்சலில் கிடந்த ராணி அக்கா இறந்துவிட்டார். பஸ் வந்தது. ஏறாமல் சாலையோரம் முன்னும் பின்னும் நடந்தேன்.

உங்களில் பலர் அக்காவைக் கல்யாண மேடையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் டிரம்ஸ் கிடையாது. அக்காவின் கித்தார்தான் தாளம். தடித்த கம்பியில் ஓர் அடி, உடனே மெல்லிய கம்பிகளில் ஒரு வீச்சு. டும்-சக், டும்-சக் என்று ஓடும். பள்ளியை விட்ட வருடம் நான் இரண்டாவது கித்தாராகச் சேர்ந்தேன். வேகப் பாட்டு வந்தால் என் கை முழங்கையிலிருந்து அடிக்கும். பாட்டை முந்திக்கொண்டு ஓடும்.

"என்னடி, ரம்பமா அறுக்கற?" என்பார் அக்கா. "மணிக்கட்டு போதும்லா. ஆறு கம்பியும் எதுக்கு? மூணத் தொடு. கை மேல வர்றப்ப கம்பியத் தொடாம சும்மா வரட்டும், காத்துக்கு வலிக்காது."

மேலே வரும்போதும் அடித்தால்தான் நிறைவாக இருக்கும் என்று நான் விடமாட்டேன்.

"வாயே தொறக்காத புள்ள, கித்தார்னா மட்டும் இவ்ளோ பேச்சு!"

உலு யாமில் நடந்த ஒரு கல்யாணத்தில், நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உறுமி மேளக்காரர்கள் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். இரண்டு தாளமும் மோதின. செல்வம் அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். அக்கா நிறுத்தவில்லை. வீச்சை விட்டுவிட்டு, தடித்த கம்பியை மட்டும் தட்டி உறுமியின் ஓட்டத்தைத் தேடினார். பிடிபட்டதும் வீச்சைச் சேர்த்தார்.

"அக்கா, பிச்சிட்டீங்கலா!" என்று உறுமிக்காரர் ஒருவர் கத்தினார்.

அவ்வளவு வேகத்திலும் அக்காவின் கை நாலு விரல் அகலத்துக்குள்தான் அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

கோலா சிலாங்கூரில், அக்காவின் வீட்டிலிருந்து உடலை எடுத்துப் போன பிறகு, பந்தலில் செல்வம் அண்ணன் என்னிடம் சொன்னார்: "சனிக்கிழம அம்பாங் பெச்சாவுல கல்யாணம், வாக்கு குடுத்தாச்சு. தாளத்துக்கு மெஷின் போட்டுக்கலாம். நீ எப்பவும்போல வாசி, என்னம்மா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. உறுமி வந்தாலும் மாப்பிள்ளை வந்தாலும் மெஷின் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அதை அக்காவின் இடத்தில் வைக்கப்போகிறார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மேலே வரும்போது சும்மா வரும் அந்தக் கையைத்தான்.

செல்வம் அண்ணனை அழைத்தேன். "சொல்லும்மா," என்றார். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, கித்தாரை எடுத்து, அவருக்குக் கேட்கும்படி அக்காவின் டும்-சக்கை வாசித்தேன்.