காடியில் கரையாத மாத்திரை

கருப்பம்மாள் செமோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினொரு வருஷம் மரத்துப் பாலை இறுக வைக்கும் வேலை பார்த்தவள். எவ்வளவு ஆசிட் ஊற்றினால் பால் எத்தனை நேரத்தில் இறுகும் என்பது அவள் கண்ணுக்கு அத்துப்படி. வாய் திறந்து சொல்லத்தான் வராது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அதே தோட்டத்தில் மரம் சீவிய கணவன் சன்னாசி, தெலுக் இந்தானுக்கு டாக்சி ஓட்டினான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவனுடைய இடது முழங்கால் முரண்டு பிடித்தது. கிளட்ச் மிதிக்கிற கால். ஆஸ்பத்திரி மாத்திரையில் வலி அடங்கியது, வயிறு எரியத் தொடங்கியது. எரிச்சல் நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டியதுதான் என்றார் டாக்டர். மாத்திரை நின்றால் கால் மடங்காது. கால் மடங்காவிட்டால் டாக்சியும் ஓடாது.

சன்னாசி பழியைத் தூக்கி, இறால் விழுதில் அரைக்கிற காரமான பிளாச்சான் சம்பல்மேல் போட்டான். கருப்பம்மாள் பத்து நாள் வெறும் கஞ்சி ஊற்றிப் பார்த்தாள். எரிச்சல் குறையவில்லை. அடுப்படியில் ஒட்டியிருக்கும் பழைய சம்பல் வாசனையே காரணம் என்றான் அவன். அடுத்த வேளைக் கஞ்சி கொஞ்சம் நீர்த்துப் போனது.

தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் எந்த மாத்திரையையும் நசுக்கித்தான் கொடுப்பார். சன்னாசிக்கும் அதுவே சட்டம். "முழுசா போனா முழுசாவே வந்திடும் புள்ள," என்பான். ஆகவே தினமும் காலையில் இடிகல்லில் இடிப்பு நடந்தது. வழுக்கும் மேல்பூச்சு போட்ட அந்த மாத்திரை உலக்கைக்குப் பிடிகொடுக்காமல் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடும். அவள் விளக்குமாற்றோடு தரையில் படுத்து அதை மீட்டு வருவாள்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது, கூச்சத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸி அகதாவிடம் கேட்டாள்:

"இடிக்க லேசா இருக்கிற மாத்திரை இல்லீங்களா மிஸ்ஸி?"

அகதாவின் பேனா நின்றது. "இடிக்கிறீங்களா? அந்தப் பூச்சு வயித்து ஆசிட்டுல கரையாதுக்கா. குடலுக்குப் போனாத்தான் கரையும். உடைச்சா மருந்து வயித்துலயே கொட்டி அரிச்சிடும்லா."

வீட்டில் வந்து சொன்னாள். சன்னாசி சிரித்தான். மாத்திரைக்கு வயிறு எது, குடல் எது என்று யார் வழி சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான்.

அவள் அடுப்படிக்குப் போனாள். வயிற்றுக்குப் பதில் ஒரு கிளாஸில் ஆசிட் போலப் புளிக்கும் காடி, குடலுக்குப் பதில் இன்னொன்றில் ஆப்பச் சோடா மாவு கரைத்த தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு மாத்திரையைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் சவாரிக்குப் போய்த் திரும்பியபோது காடியில் மாத்திரை போட்டபடியே கிடந்தது. சோடாத் தண்ணீரில் வெறும் மாவுதான் மிச்சம்.

சன்னாசி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஆசிட் ஊத்துனா பால் இறுகும். அமோனியா ஊத்துனா இறுகாது," என்றாள் அவள். "இதுவும் அந்த ரகந்தான்."

ரப்பர்ப் பால்காட்டில் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மறுநாளிலிருந்து மாத்திரை முழுசாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் எரிச்சல் ஓய்ந்தது. அவன் கேட்காமலே கருப்பம்மாள் சம்பலைக் கொண்டு வந்து தட்டு நடுவில் வைத்தாள். அவன் தலை நிமிராமல் தின்றான்.

அடுத்த மாதம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவளும் அதே டாக்சியில் தெலுக் இந்தான் போனாள். பின் இருக்கையில் இரண்டு அன்னியர்களுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்திருந்தாள். சன்னாசி, தான் கண்டுபிடித்த மாத்திரை இரகசியத்தை வழி நெடுக விளக்கிக்கொண்டே வந்தான். பீடோர் தாண்டியதும் உற்சாகத்தில், காடியில் போட்டால் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டான்.

கருப்பம்மாளுக்குக் காது சூடேறியது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காடியில கரையாது," என்றாள். "சோடாவுலதான் கரையும்."

"ஆமா, சோடாவுலதான்," என்று திருத்திக்கொண்டு சன்னாசி கிளட்சை மிதித்தான்.