ஆணியில் தொங்கிய துண்டு

எட்டுத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் முதலில் காதில் விழுவது காக்கையின் குரல்தான். அது அதுவரைக்கும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும், நமக்குத்தான் கேட்டிருக்காது. அடுத்தாற்போல் பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், அதன் பின்னால் தெருவே சேர்ந்து விடும் "போச்சு" என்ற ஒற்றைப் பெருமூச்சு. நான் ஐந்தாவது படித்த அந்த வருடத்தில் சோமனூர்ப் பக்கம் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும், போனால் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்திலும் வரும், அரை நாள் கழித்தும் வரும். வந்ததும் தெருவில் இருக்கும் பொடிசுகள் எல்லாம் "வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடும். என் வயதுப் பையன்களில் அந்தச் சத்தத்துக்கு நடுங்கியவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக் "குடோன்" இருந்தது. அப்பா நான்கு தறிகளையும் அம்மா நான்கு தறிகளையும் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரை மட்டுமே பார்த்தவர்கள். தறி ஓடும்போது உள்ளே கை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். ஊடை நூலைச் சுமக்கும் "நாடா" இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அம்பு மாதிரிப் பாயும், நூலை நெருக்கி அடிக்கும் பலகை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் வந்து மோதும். ஆபத்தெல்லாம் தறி நின்றிருக்கும்போதுதான். கரண்ட் போனதும், சும்மா நிற்கிற நேரத்தில் அறுந்த நூலை முடிந்துவிடலாம், பஞ்சைச் சுரண்டிவிடலாம் என்று உள்ளே கையை விடுவார்கள். சுவரில் இருக்கும் "மெயின்" பெட்டியின் கைப்பிடியை இறக்க மறந்திருந்தால், கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியிலேயே தறி தானாக ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்த குடோன் ரங்கன் அண்ணனுக்கு அப்படித்தான் ஆயிற்று. வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, எங்களைப் பார்த்து மிச்சமிருந்த இரண்டு விரலை ஆட்டி, இனிமேல் எனக்குக் கணக்கு சுலபம்டா என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அது தொற்றிக்கொண்டது. பள்ளியில் மின்விசிறி நின்றதும் வகுப்பே ஓவென்று கத்தும்போது நான் வாய்க்குள் "மெயின், மெயின்" என்று முணுமுணுப்பேன். விசிறி மறுபடி சுற்றத் தொடங்கினால், நான்கு மைல் தள்ளி எங்கள் குடோனில் அந்த நொடியில் யாருடைய கை எங்கே இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் அம்மா சோறு போடும்போது தட்டைப் பார்க்க மாட்டேன். அவள் விரல்களை எண்ணுவேன்.

அப்பாவும் பயந்துதான் போயிருந்தார். இனிமேல் கரண்ட் போன உடனே மெயினை இறக்கிவிட வேண்டும் என்று அவரே சொன்னார். ஒரு வாரம் இறக்கினார். எட்டாம் நாள் மறந்தார். அம்மா சொல்லிக்காட்டினால் "அவசரத்துல மறந்துபோட்டேன் அம்மிணி" என்பார். அப்படி ஒரு அவசரமும் இருக்காது, வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாக்கட்டியால் மெயினுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் "இறக்கு" என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதே என்று உறைத்தது. அதை அழித்துவிட்டு இரண்டு விரல் மட்டும் உள்ள ஒரு கையை வரைந்தேன். அது இரண்டு நாள் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. மூன்றாம் நாள் அதுவும் காலண்டர் படம் போல ஆகிவிட்டது, யார் கண்ணிலும் படவில்லை. பயத்தை வைத்துக்கொண்டு மட்டும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். தறி நின்றதும் அப்பா என்ன செய்கிறார் என்று அவள் சில நாள் கவனித்திருக்கிறாள். மெயினை ஒருநாள் இறக்குவார், ஒருநாள் மறப்பார், ஒன்றை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைப்பார், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அம்மா மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியை அடித்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டை உருவி அதில் மாட்டினாள். "தறி ஓடறப்ப துண்டு இங்கதானுங்க தொங்கோணும். மூஞ்சி தொடைக்கோணும்னா இங்க வாங்க, வந்தா மெயின எறக்கிப்போட்டுத் தொடைங்க" என்றாள்.

முதலில் சில நாட்கள் அப்பாவின் கை வெறும் தோளைத் தடவி ஏமாந்து நிற்கும். அம்மா சிரிப்பாள். அவர் முறைத்துக்கொண்டே ஆணிக்கு நடப்பார். ஒரு மாதத்தில் கால்கள் தானாக நடந்தன. கரண்ட் போகும், அப்பா ஆணிக்குப் போவார், கைப்பிடி "டக்"கென்று இறங்கும், துண்டு முகத்துக்குப் போய் அங்கிருந்து தோளுக்கு வரும். மெயினை ஏற்றும்போது துண்டு மறுபடி ஆணிக்குப் போகும். அப்படியே அது ஒரு அடையாளமாகவும் ஆயிற்று. குடோனின் கோடியில் நிற்கும் அம்மாவுக்கு மெயின் பெட்டி தெரியாது, அப்பாவின் தோள் தெரியும். தோளில் துண்டு இருந்தால் உள்ளே கையை விடுவாள். இல்லையென்றால் விடமாட்டாள். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முணுமுணுப்பு குறைந்தது.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் நான் பள்ளியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தேன். தறிகள் எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கைக்கு எட்டிய துண்டு அதுதான், ஆணியிலிருந்து எடுத்துத் தலையைத் துவட்டினேன். துவட்டிக்கொண்டே தறிகளுக்கு நடுவில் நடந்துபோனபோது அப்பா ஒரு தறியின் மேல் குனிந்திருந்தார். எனக்கு ஏதோ விளையாட்டாகத் தோன்றியது. துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். சத்தத்தில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கரண்ட் போயிற்று. மழைச் சத்தம் திடீரென்று குடோனை நிறைத்தது.

அப்பா நிமிர்ந்தார். அவர் கை பழைய வழக்கத்தில் தோளுக்குப் போயிற்று, துண்டு அங்கேயே இருந்தது. முகத்தைத் துடைத்துத் தோளிலேயே போட்டுக்கொண்டு மழை பார்க்க வாசலுக்குப் போனார். கோடியில் அம்மா திரும்பினாள், அப்பாவின் தோளைப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் தறிக்குள் கையை விட்டாள்.

நான் ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணி. பக்கத்தில் கைப்பிடி மேலே நின்றது.

கத்தியிருக்க வேண்டும். அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஓடினேன். அந்தக் கைப்பிடி பெரியவர்களுக்கே கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இரண்டு கையாலும் பிடித்தேன், நகரவில்லை. கால்களைத் தரையிலிருந்து தூக்கி என் மொத்த எடையையும் அதில் தொங்கவிட்டேன். அது என்னோடு சேர்ந்து கீழே வந்தது, நான் முழங்காலில் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து எழுவதற்குள் தெருவில் "வந்துருச்சு" என்று கத்தினார்கள். ரங்கன் அண்ணன் குடோனில் தறிகள் ஓடத் தொடங்கின, அதற்கடுத்ததிலும். எங்கள் குடோன் மட்டும் அசையாமல் நின்றது. அம்மாவின் கை இன்னும் உள்ளேதான் இருந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, தரையில் கிடந்த என்னையும் என் தலைக்கு மேல் இறங்கியிருந்த கைப்பிடியையும் பார்த்தாள். பிறகு கையை வெளியே எடுத்து, அது தன்னுடையதுதானா என்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா மறந்துவிட்டார், பையன் பார்த்து இறக்கினான் என்றுதான் அன்று பேச்சாயிற்று. அப்பாவும் மறுக்கவில்லை. அம்மா என் தலையைத் துவட்டிவிட்டு, "எஞ் சாமி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். தெருவில் எனக்குப் புத்திசாலி என்று பெயர் வந்தது. துண்டைத் தோளில் போட்டது யார் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு பம்பு கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காந்திபுரம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. அந்த நாளின் மின்வெட்டு இன்றைக்கு இல்லை. எங்கள் குடோனில் அந்த இரும்புப் பெட்டியும் இல்லை. புதிதாக வந்திருக்கும் சுவிட்ச் எதிர்ச்சுவரில் இருக்கிறது, கரண்ட் போனால் தானே அணைந்துகொள்ளும், ஆள் போய்ப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். மறந்தாலும் யார் விரலும் போகாது. ஆனாலும் அப்பா பழைய சுவரின் ஆணியில்தான் துண்டை மாட்டுகிறார். எப்போதாவது கரண்ட் போனால் ஆணிக்கு நடந்து துண்டை எடுக்கிறார், அப்புறம் எதிர்ச்சுவருக்கு நடந்து, ஏற்கெனவே அணைந்திருப்பதை இன்னொரு முறை அணைக்கிறார். எனக்கும் அலுவலகத்தில் விளக்கு ஒரு நொடி மினுக்கினால் கை தானாகப் போய் மேசைக்குக் கீழே சுவிட்சைத் தேடுகிறது.

போன தை மாதம் எனக்கு வேலை நிரந்தரமானபோது உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால் அம்மாவின் தம்பி, என் மாமன், ஒரு புதுத் துண்டு வாங்கி வந்து, அப்பன் தோளில் போட்டுக் காலைத் தொட்டுக்கொள் என்றார். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பாவின் எதிரில் நின்றேன். கை மேலே எழவில்லை.

"அப்பன் தோள்ல துண்டு போடறதுக்கு மாப்பளைக்கு ரோசனையப் பாரு. இங்கிலீசுல எழுதிக் குடுத்தாத்தான் போடுவானாட்ட இருக்குது" என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையை நீட்டினார். "கைல குடு கண்ணு, போதும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"அன்னைக்கு அந்தத் துண்டு ஈரமா இருந்துச்சு கண்ணு" என்றாள் அம்மா.

அவள் அதில்தான் அன்று என் தலையைத் துவட்டினாள். அதற்கும் முன்னால் அப்பா அதில்தான் முகம் துடைத்தார், என் தலையின் ஈரம் அப்போதே அதில் இருந்திருக்கும். ஏன் இத்தனை வருடமாக இருவரும் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"நீயுந்தான சொல்லல" என்றாள்.

சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் தட்டைப் பார்க்கவில்லை. விரல்களை எண்ணி முடித்த பிறகுதான் சாப்பிட்டேன்.