நான் மஞ்சள் குடித்த இரண்டு மாதங்கள்

என் கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டதை முதலில் கண்டவள் என் மனைவி. பல் துலக்கிக்கொண்டிருந்தவனை வாய் நுரையோடு வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள்.

"வெள்ளையாயிடுச்சுங்க" என்றாள். இன்னொரு கண்ணையும் பார்த்துவிட்டு, "நெசமாவே வெள்ளையாயிடுச்சு" என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கவேண்டும். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இரண்டு பேரும் எவ்வளவு பயந்து கிடந்தோம் என்பது அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பயத்தை நானாகத்தான் வரவழைத்துக்கொண்டேன். டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எது வந்தாலும் ஒற்றெழுத்து விட்டுப்போகாமல் பார்த்துத் தரவேண்டும். ஒருமுறை சமையலறைச் சாமான்களின் மருத்துவக் குணங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வந்தது. மஞ்சள் மூட்டு வலியைக் குறைக்கும், வெந்தயமும் பட்டையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், மிளகு சளியை அறுக்கும், பூண்டு இதயத்துக்கு நல்லது என்று பக்கம் பக்கமாக இருந்தது. மூன்று தடவை திருத்தியதில் எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

அதே மாதம்தான் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் முழங்காலும் வலித்துக்கொண்டிருந்தது. புத்தகம் எனக்காகவே வந்ததுபோல் இருந்தது. போனில் தேடினேன். ஒரு வீடியோவைப் பார்த்தால் அது பத்து வீடியோவைக் காட்டியது. ஒரு சிட்டிகை நல்லது என்றால் மூன்று கரண்டி இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று நான் போட்டுக்கொண்ட கணக்கை மட்டும் எவரும் திருத்தவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் மஞ்சள்தூள், பட்டைத்தூள், மிளகுத்தூள் கலந்து ஒரு பெரிய டம்ளர். மாலையில் இன்னொன்று. அது போதாதென்று, மஞ்சளின் சத்தை மட்டும் பிரித்தெடுத்து மிளகுச் சத்தோடு அடைத்தது என்று ஒரு மாத்திரை டப்பாவும் வாங்கினேன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு.

கஷாயம் தொண்டையைக் கடந்தபின் வேறு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. என் மனைவி தாளிப்பு வடகம் போட்டு மீன் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பார்கள். அந்தக் குழம்பை ஒதுக்கிவிட்டு நான் ஓட்ஸைக் கரைத்துக் குடித்தேன். முருங்கைக்கீரைப் பொரியலையும் கொள்ளு ரசத்தையும்கூடத் தள்ளி வைத்தேன்.

"குழம்புலயும் மஞ்சள் இருக்குது, மிளகு இருக்குது, பூண்டு இருக்குது. அத வேணான்றீங்க. வெறுந்தூள மட்டும் மொடக்கு மொடக்குன்னு குடிக்கிறீங்க. இது இன்னா நியாயம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது ருசிக்குப் போடறது. இது மருந்து" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு எனக்காக அவள் எதையும் ஆக்கவில்லை. தனக்கு மட்டும் ஒரு ரசம் வைத்துக்கொள்வாள்.

இரண்டாவது மாதம் வயிறு குமட்டியது. கெட்டது வெளியே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் அரித்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. இவ்வளவு மஞ்சள் குடித்தால் மஞ்சளாகத்தான் போகும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். மூன்று மாதம் விடாமல் குடித்தால்தான் பலன் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் விடுவதாக இல்லை.

என் கண்ணைப் பார்த்துச் சொன்னது பெரிய மார்க்கெட்டில் நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாள். வாரக்கணக்கில் போகாமலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குத் துணையாகப் போயிருந்தேன். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்ததும் மீனைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாண்ணா, கண்ணு இப்டி மஞ்சளா இருக்குது? காமாலையாட்டம் இருக்குதே. யக்கா, நீ பாக்கலியா? மீனு அப்பறம் வாங்கிக்கலாம், மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

என் மனைவி அந்தக் கூட்டத்தின் நடுவில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். வீட்டில் நான் எப்போதும் விளக்கு வெளிச்சத்தில், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருப்பேன். பேசுவதும் குறைந்திருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர், ரத்தம் எடுத்தவர், ஸ்கேன் எடுத்தவர் என்று மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "குடிப்பீங்களா?" இல்லை என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு ஐம்பது வயது ஆணுக்குக் கல்லீரல் கெட்டுப்போனால் அதற்கு ஒரே காரணம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். என் அப்பா மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். ஷிப்டு முடிந்து நேராகச் சாராயக்கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல் வீங்கி, நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் கண்ணைப் பார்த்த பயத்தில்தான் நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. கல்யாண வீடுகளில் கிண்டல் செய்வார்கள், சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அத்தனைக்கும் பிறகு அதே கண் எனக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தபோது என் முகத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

எல்லா முடிவும் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வேறு எந்த மருந்தும் சாப்பிடக்கூடாது என்று எழுதித் தந்தார்கள். நான்கு நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, அரைத்து மோரில் குடிக்கச் சொன்னார். அவருடைய அன்பை மறுக்க முடியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பச்சிலையைப் பார்த்து யோசித்தேன்.

ஐந்தாம் நாள் கிளம்பும்போது என் மனைவி ஒரு ஒயர் கூடையையும் தூக்கிக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். "வாங்க சொல்றேன்" என்றாள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். காகிதங்களைப் புரட்டிவிட்டு, வைரஸ் காமாலை இல்லை, ஸ்கேனில் கட்டியோ கல்லோ இல்லை, ஆனால் கல்லீரல் நன்றாக அடிபட்டிருக்கிறது என்றார். "நெசமா குடிக்கறது இல்லையா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். மஞ்சள்தூள் டப்பா, மிளகாய்த்தூள், குழம்பு மசாலா, வடகம், நல்லெண்ணெய் பாட்டில், அஞ்சறைப்பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். கடைசியாக என் மாத்திரை டப்பா.

"இவரு குடிக்கறது இல்ல மேடம். அப்ப இத்தினி வருசமா நான் ஆக்கிப் போட்டதுலதான் இன்னாவோ இருக்குது. எதுன்னு பாத்துச் சொல்லுங்க. அத இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்."

நான்கு நாளாக அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டாக்டர் மற்ற எதையும் தொடவில்லை. மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்து, அதன் பின்புறத்துப் பொடி எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "இத எவ்ளோ நாளா சாப்பிடறீங்க?"

சொன்னேன். காலை மாலைக் கஷாயத்தையும் சொன்னேன். எத்தனை கரண்டி என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், நீங்க சாப்பிட்டது மஞ்சள் இல்ல. கிலோக்கணக்கு மஞ்சள்ல இருந்து ஒண்ணை மட்டும் பிழிஞ்சு எடுத்தது. அதோட மிளகுச் சத்தும் சேந்தா, ஒடம்பு வெளிய தள்ள வேண்டியத உள்ளயே புடிச்சு வச்சுக்கும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு இப்டி ஆயிடும். நீங்க ரெண்டாவது ஆளுன்னு நெனைக்கறேன். எல்லாத்தையும் நிறுத்துங்க. நிறுத்தினதும் கொறைஞ்சா, அதுதான் காரணம்."

"அப்ப சமையல்ல?" என்றாள் என் மனைவி.

"சமையல்ல என்ன பண்ணுவீங்க?"

என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். சாம்பாருக்கு ரெண்டு சிட்டிகை மஞ்சள். மீன் குழம்புக்குக் கொஞ்சம் கூட, வெந்தயம், நெறய பூண்டு, கடைசியில வடகத்தத் தாளிச்சுக் கொட்டுவேன். சளின்னா மிளகு ரசம், கை நிறையக் கொத்தமல்லி. வெள்ளிக்கிழமையானா முருங்கைக்கீரை, சின்ன வெங்காயத்த நசுக்கிப் போட்டு. வயிறு சரியில்லன்னா பெரண்டைத் துவையல், நல்லெண்ணெய்ல நல்லா வதக்கலன்னா நாக்கு அரிக்கும் மேடம். மத்தியானத்துக்கு மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு.

டாக்டர் அதுவரை முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தவர், சிரித்துவிட்டார். "போதும்மா, எனக்குப் பசிக்குது. இத விட்டுட்டு ஏன் சார் மாத்திரை தேடிப் போனீங்க? ஒடம்பு சரியாகற வரைக்கும் எண்ணெய் மட்டும் கொறைச்சுக்குங்க. மத்தபடி இவங்க ஆக்கறதையே சாப்பிடுங்க."

என் மனைவி டப்பாக்களைத் திரும்பக் கூடையில் அடுக்கினாள். அஞ்சறைப்பெட்டியை மூடுவதற்குமுன் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டாள். தேர்வில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

அன்று மதியம் சோற்றைக் குழைய வடித்து, சீரகமும் மிளகும் தட்டிப்போட்ட ரசம் வைத்தாள். எனக்குப் பசியில்லை, குமட்டல் போகவில்லை. இருந்தாலும் அந்த ஆவி முகத்தில் பட்டதும் வாயில் எச்சில் ஊறியது. நான்கு வாய் சாப்பிட்டேன். இரண்டு மாதமாகச் சாமான்களை விழுங்கியிருக்கிறேன், சாப்பிடவில்லை என்று அப்போது பட்டது. அவள் எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடு" என்றேன்.

"ரசத்துல உப்பு சரியா இருக்குதா, அத சொல்லுங்க" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் காமாலை அளவு பாதியாகக் குறைந்திருந்தது. அரிப்பு நின்றது. மாதக் கடைசியில் பசி எடுத்தது. இரண்டாவது மாதம் மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. காலையில் நடக்கிறேன். முழங்கால் இப்போதும் வலிக்கிறது, பழைய சினேகிதம்.

கண் வெளுத்த அந்த நாளன்று டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "எல்லாம் நார்மல். இனிமே என்னப் பாக்க வராதீங்க" என்றார். அதைவிட நல்ல வார்த்தையை எந்த டாக்டரும் சொல்ல முடியாது. வெளியே வந்து பஸ் ஏறினோம். உச்சி வெயில் நேரம், கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த என் மனைவி ரெட்டியார்பாளையம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை என் தோளில் சாய்ந்து ஆடியது. இரண்டு மூன்று மாதமாக அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

மூலக்குளம் வந்தது. எங்கள் நிறுத்தம். கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். வில்லியனூர் வரைக்கும் போய் அடுத்த பஸ்ஸில் திரும்பிக்கொள்ளலாம்.