பிரகாசம் டீக்கடையில் ஏழாவது கப்பற்படை

“அந்தக் கிளாஸைத் தொடாதய்யா, அது அமெரிக்காக்காரன்!”

அதட்டியவர் பக்தவத்சலம். அதட்டு வாங்கியவர் அந்தக் கிளாஸில் இருந்த டீக்குக் காசு கொடுத்தவர். பாவம், நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அபர்டீன் பஜாரில் பிரகாசத்தின் டீக்கடை மேஜையில் காலை ஏழு மணிக்கெல்லாம் வங்காள விரிகுடா விரிக்கப்பட்டுவிடும். மேஜையின் இந்த ஓரம் மெட்ராஸ், அந்த ஓரம் மலாக்கா, சர்க்கரை டப்பா கல்கத்தா, டீ கிளாஸ்கள் கப்பல்கள். நடுவில் சிந்திக் கிடக்கும் நாலு சொட்டு டீதான் நம்முடைய அந்தமான். அதை யாரும் துணியால் துடைத்துவிடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

பக்தவத்சலம் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா. சொந்த ஊர் மாயவரம். தீவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வந்த நான்கு நாளும் கப்பலில் வாந்தி எடுத்தவர். பிறகு இன்னொரு தீவான லாங் ஐலண்டுக்கு மாற்றல் வந்தபோது, கடல் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அதை ரத்து செய்துகொண்டவர். அப்பேர்ப்பட்டவர் பொறுப்பில்தான் 1971 டிசம்பரில் ஐந்து நாட்டுக் கப்பற்படைகள் இருந்தன.

கிழக்குப் பாகிஸ்தானில் சண்டை மூண்ட முதல் வாரம் அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை. மேஜையில் இரண்டே கிளாஸ். “இது பங்காளிச் சண்டைய்யா. வரப்புத் தகராறு. வெளியாள் வந்தாத்தான் களை கட்டும்” என்று சலித்துக்கொண்டார். அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை வங்காள விரிகுடாவை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்றைக்குத்தான் அவர் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிற மாதிரி, சொட்டு டீயை மட்டும் விட்டுவிட்டு மேஜையைத் தானே துடைத்து இடம் ஒழித்தார்.

“அமெரிக்காக்காரன் வந்தா ரஷ்யாக்காரன் சும்மா இருப்பானா? பின்னாலயே வருவான். அவன் வந்தா சீனாக்காரன் வடக்கே மலை மேலேருந்து இறங்குவான். வெள்ளைக்காரன் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பானா? ஒருத்தன் ஒரே ஒரு குண்டு தவறிப் போட்டான்னு வைங்க, அவ்வளவுதான், உலகம் பூரா கதம்! அதுல நாம எங்க இருக்கோம்? நட்ட நடுவுல!”

அந்த ‘நட்ட நடுவுல’ என்பதைச் சொல்லும்போது, தான் உட்கார்ந்திருக்கும் ஜாதிக்காய்ப் பெட்டியில் ஒரு குத்து குத்துவார். உலகம் கதமாவதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மாயவரத்துக்கு லீவில் போனால், “அந்தமான்லயா இருக்கீங்க, என்ன கேசு?” என்று கேட்கிறார்களாம். பதினாறு வருஷமாக அந்த எரிச்சல். “மெயின்லேண்டுல நம்மள எவனுக்குத் தெரியும்? இப்ப வாஷிங்டன்ல மேப்பை விரிச்சு வச்சு நம்ம ஊரைத்தான் பாத்துக்கிட்டிருப்பான்” என்றபோது அவர் கண்கூடக் கலங்கிவிட்டது.

பிரகாசத்தின் கவலை வேறு. தூத்துக்குடியில் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்து, இங்கே வந்து டீ ஆற்றுகிறவன். கடையில் இருந்தது பதினெட்டு கிளாஸ். அமெரிக்காவுக்கு எட்டு, ரஷ்யாவுக்கு ஐந்து என்று போய், இங்கிலாந்தும் சேர்ந்துகொண்ட அன்று கழுவி வைக்க ஒரு கிளாஸ் மிச்சமில்லை. சப்மரீன்களுக்காக வாழைத்தாரிலிருந்து ஆறு பழமும் போயிற்று. “அண்ணாச்சி, கூட ஒரு நாட்ட இழுத்தீயன்னா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பக்தவத்சலம் அதற்கும் அசையவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு உண்மையாகவே ஒரு யுத்தப் பொறுப்பு இருந்தது. குண்டு விழுந்தால் தீயை அணைக்க இரண்டு வாளி மணல் கொடுத்து, அவர் பேரில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பியூன்கள் அதில் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார்கள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். நவம்பர் கடைசியில், வாளி வந்த அன்று சாயங்காலமே, மாயவரத்தில் தங்கை வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி ருக்குவுக்கு ஒரு கடிதம் எழுதினார்:

“இந்த முனையைக் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அமெரிக்காவே வந்தாலும் ஓர் அடி நகரமாட்டேன். இனி நாம் பார்ப்போமோ மாட்டோமோ. நீ இங்கே வந்துவிடாதே.”

எழுதியதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டினார். கடிதம் விமானத்தில் போயிற்று. அதை எழுதியதையே அவர் மறந்துவிட்டார்.

ஏழாவது கப்பற்படை மலாக்காவைத் தாண்டப் போகிறது என்று ரேடியோ சொன்ன மறுநாள் ஒரு தந்தி வந்தது. எங்கெங்கோ சுற்றிவிட்டு மூன்று நாள் தாமதமாக வந்த தந்தி. ‘கப்பலில் புறப்பட்டேன். தைரியமாயிருங்கள். ருக்கு.’

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் ‘நீ வராதே’ என்று எழுதினால் அவள் என்ன செய்வாள் என்று இந்தப் போர்த்தந்திரிக்குத் தெரியாமல் போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும். எந்தக் கப்பல், எங்கே வருகிறது என்று விசாரிக்கக் கப்பல் ஆபீசுக்கு ஓடினார். “மாலூம் நஹி, பாபுஜி. லடாய் டயத்துல ஜஹாஸ் விஷயம் எல்லாம் ரகசியம்” என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்கு வந்தார். அவர் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஜம்புலிங்கம் வங்காள விரிகுடாவை விரித்துவிட்டிருந்தார். ரோடு கான்டிராக்டர், பக்தவத்சலத்தின் முதல் சீடர். அமெரிக்கக் கிளாஸ்கள் எட்டும் சொட்டு டீயை நெருங்கி நின்றன. பக்தவத்சலம் எட்டையும் இரண்டு கையாலும் அணைத்து மலாக்காவுக்குத் தள்ளினார்.

“என்ன சார், பின்னால தள்றீங்க?”

“வரமாட்டான். சும்மா பயம் காட்டுறான். எல்லாம் பேசித் தீர்த்துக்குவாங்க.”

“நேத்து நீங்கதானே சொன்னீங்க? உள்ள வந்தான்னா மொதல்ல மெட்ராஸ் லைன்லதான் கை வைப்பான், அரிசி வர்றது நின்னாத் தீவு தானா விழும்னு. பக்காவா இருந்துச்சே!” ஜம்புலிங்கம் ஒரு வாழைப்பழத்தை மெட்ராஸுக்கும் சொட்டு டீக்கும் நடுவே வைத்தார். “இங்க ஒரு சப்மரீன். ஒரே அடி.”

“எடுய்யா அதை!” பக்தவத்சலத்தின் குரல் கீச்சென்று போயிற்று. “அந்தக் கப்பல்ல பொம்பளைங்க இருக்காங்கய்யா. என் பொண்டாட்டி வர்றா.”

ஜம்புலிங்கம் பழத்தை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிரகாசம் கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவ ஆரம்பித்தான். “எல்லாக் கப்பல்லயும் எவன் பொண்டாட்டியோ புள்ளையோ இருக்கத்தான செய்யும், அண்ணாச்சி” என்றான், அவரைப் பார்க்காமல். அவனுடைய அண்ணன் ஒருத்தன் கடலோடு போனவன் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். இரண்டு நாள் பக்தவத்சலம் கப்பல் வந்து நிற்கும் ஹாடோ ஜெட்டியிலேயே நின்றார். கடலைப் பார்த்தாலே குமட்டும் மனுஷர், கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோவைக் கேட்கவில்லை, கேட்டவர்களிடமும் என்ன சேதி என்று கேட்கவில்லை. அமெரிக்க அதிபருக்கும் ரஷ்யத் தலைவருக்கும் நல்ல புத்தி கொடுக்கும்படி மாயூரநாதரை வேண்டிக்கொண்டார். அவர்களுக்காக யாரிடமாவது வேண்டிக்கொள்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. வாளி மணலை அந்த இரண்டு நாளும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கப்பல் வந்தது. மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து எல்லாம் முடிந்துவிடப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நான்கு ராத்திரி விளக்கே இல்லாமல் வந்த ஜனங்கள் முகம் வெளுத்து இறங்கினார்கள். கூட்டத்தில் ஜம்புலிங்கமும் பிரகாசமும்கூட இருந்தார்கள். ருக்கு கடைசியில் இறங்கினாள். புடவைக்கு மேலே லைஃப் ஜாக்கெட்டைக் கட்டியிருந்தாள். “அம்மா, ஜாக்கெட் வாபஸ் தோ!” என்று கத்திக்கொண்டு ஒரு கப்பல்காரன் பின்னாலேயே ஓடிவந்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் முன்னால் வந்து நின்று, தலை, கை, கால் எல்லாம் இருக்கிறதா என்று மேலும் கீழும் பார்த்தாள். எல்லாம் இருந்தது. போன மாதத்தைவிடத் தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது.

“வந்துட்டானா?” என்று கேட்டாள்.

“யாரு?”

“அமெரிக்காக்காரன். வந்துடுவான்னு எழுதியிருந்தீங்களே. இங்க உங்களுக்கு இதெல்லாம் எவன் குடுத்திருப்பான்னுதான் நாலு நாளா கழட்டாம வச்சிருந்தேன்.” சொல்லிக்கொண்டே நாடாக்களை அவிழ்த்து ஜாக்கெட்டைக் கழற்றினாள். அழுதுகொண்டிருந்தாள். அதை அவர் தலை வழியாக மாட்டினாள். நாடா இடுப்பைச் சுற்றி எட்டவில்லை.

“கையைத் தூக்குங்க” என்றாள்.

அத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, பக்தவத்சலம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.