நாங்க ரெண்டு பேரும்

வாயில் ரொட்டி இருக்கும்போதே நீவெஸ் அடுத்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்க்கிறார். நாக்கு இடறிய இடத்தில் பென்சில் இறங்கும். இடறாவிட்டாலும் சந்தேகம் தீராது. பரிமாறும் தூலியோவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்.

"இப்படிப் பேசுவியா நீ?"

"நான் பேச மாட்டேன்மா. எங்க மாமியார் பேசுவாங்க. அதுவும் கோர்ட்டுல."

அந்த வாக்கியம் அதோடு அடிபட்டுப் போகும்.

திரியெஸ்தே நகரத்தில் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவிலுள்ள காபிக்கடை அது. அதன் சுவரோர மேசைதான் நீவெஸ் கொசூத்தாவின் அலுவலகம். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், இன்னொன்று தலையில் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். காய்கறிப் பையில் முட்டைக்கோசுக்கு அடியில் ஒரு தடித்த அகராதி கிடக்கும். 'போரா' காற்று ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகும் நாட்களில், "இந்த அகராதி இருக்கிறதாலதான் நான் கடல்ல விழாம இருக்கேன்" என்பார். கடையின் விலைப்பலகையில் எழுத்துப்பிழை கண்டால் கேட்காமலே திருத்திவிடுவார். இப்போது முதலாளி அதை எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறார்.

இளவயதில் அவர் எழுதிய நாவல் நன்றாகப் பேசப்பட்டது. பிறகு வயிற்றுப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. அம்மா ஸ்லோவீனியக்காரி, அப்பா இத்தாலியர். வீட்டில் சண்டை ஒரு மொழியிலும் சமாதானம் இன்னொன்றிலும் நடந்ததால் இரண்டுமே நன்றாக வரும். பல வருடம் கழித்து இப்போதுதான் இரண்டாவது நாவலை முடித்திருக்கிறார். மிலானோவிலுள்ள பதிப்பாசிரியர் கஸாத்தி, அதை இந்த இலையுதிர் காலத்தில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். நீவெஸ் ஸ்லோவீனியத்திலிருந்து இத்தாலியத்துக்குச் செய்த, வசந்தத்தில் வரவேண்டிய மொழிபெயர்ப்பும் அதே கஸாத்தியிடம்தான் இருந்தது.

அந்த மொழிபெயர்ப்புப் புத்தகம், நகரத்துக்கு மேலே பாறைமேட்டு ஊரில் வாழும் ஒரு விவசாயியின் கதை. ஸ்லோவீனிய மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று உண்டு. சரியாக இரண்டே பேர் என்றால் அவர்களுக்கென்று தனி 'நாங்கள்'. இத்தாலியத்தில் அது கிடையாது. அதனால் நீவெஸ் 'நாங்க ரெண்டு பேரும்' என்று எழுதினார். கதையின் பாதியில் விவசாயியின் மனைவி இறந்துவிடுகிறாள். அவன் மட்டும் அந்தச் சொல்லை விடுவதில்லை. "நாங்க ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு போட்டோம்" என்கிறான். ஊரில் ஒருவரும் அவனைத் திருத்துவதில்லை.

கஸாத்தி திருத்திவிட்டார்.

அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்புப் படி கைக்கு வந்தபோது, சாவுக்குப் பிந்தைய பக்கங்கள் முழுக்க 'நான்' என்று இருந்தது. நான் விதைத்தேன். நான் கதவைச் சாத்தினேன். நீவெஸ் காபியை அப்படியே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"அந்தம்மாதான் செத்துப் போயாச்சே, நீவெஸ். நீங்க மறந்துட்டீங்க. நல்லவேளை, நான் பாத்தேன்."

"நான் மறக்கல. அவனும் மறக்கல. கதையே அதுதான்."

"படிக்கிறவங்க தப்புன்னு நினைப்பாங்க. எழுதி அனுப்பித் திட்டுவாங்க."

"என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்க."

கஸாத்தியின் குரல் இனிப்பாக மாறியது.

"அச்சுக்குப் பக்கமெல்லாம் கட்டியாச்சு. இனிமே கைவெச்சா இந்தப் புத்தகம் இலையுதிர் காலத்துக்குப் போயிடும். அங்க உங்க நாவல் உக்காந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணா விட எனக்கு வழியில்ல. நாவலைத் தள்ளி வெச்சா, அப்புறம் எப்போன்னு சத்தியமா என்னால சொல்ல முடியாது. ஒரு சொல்லுக்காகவா இதெல்லாம்? சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

தூலியோ ஆறிப்போன காபியை எடுத்துவிட்டு, சூடாக இன்னொன்று வைத்தான்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு? யாராவது போயிட்டாங்களா?"

"ஒரு விவசாயியோட பொண்டாட்டி."

"தெரிஞ்சவங்களா?"

"ரெண்டு வருஷமா என்கூடத்தான் இருந்தா."

தூலியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, அந்த மனுஷனுக்குத்தான் கஷ்டம்" என்றான்.

"அவன் நல்லாத்தான் இருக்கான். இருக்க விட மாட்டேங்குறாங்க."

நீவெஸ் பையைத் துழாவினார். அச்சகத்துக்கான திருத்தங்களை எழுத வெற்றுத்தாள் ஒன்றும் அகப்படவில்லை. தன் நாவலின் தட்டச்சுப் படி கையில் வந்தது. தலைப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை உருவிக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் முதல் திருத்தத்தை எழுதத் தொடங்கினார்.